போதும் என்று சொல்லக் கற்றுக்கொள்வது எப்படி? மனரம்மியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பதினோரு மணி இருக்கும். குடும்ப ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்தாயிற்று. உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா மகன் புது வீட்டுப் பிரதிஷ்டைப் படங்களைப் போட்டிருந்தான். சபைப் போதகரான ஐயர் ஜெபித்து ரிப்பன் வெட்டுகிறார். மாடிப்படி முழுக்க கிரானைட். ‘கர்த்தர் நன்மை செய்தார்’ என்று கீழே எழுதியிருந்தான். நானும் ‘ஸ்தோத்திரம்’ என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு, எங்கள் வாடகை வீட்டுக் கூரையில் ஈரம் பூத்திருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்று மாலை வரை அந்த ஈரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்ததே இல்லை.

ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் அன்றைக்குத்தான் என்னைப் பிடித்தது. “நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்” (பிலிப்பியர் 4:11). அதுவரை ‘மனரம்மியம்’, அதாவது இருப்பது போதும் என்கிற மனநிறைவு, என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த சொல் கண்ணில் படவில்லை: கற்றுக்கொண்டேன். பவுல் அப்போஸ்தலனுக்கே இது பிறவிக் குணமாக வரவில்லை. மனந்திரும்பிய அன்றே கிடைத்துவிடவும் இல்லை. அவர் கற்றார் என்றால் நாமும் கற்கலாம். அந்தப் பாடத்தை நான் நடந்து பார்த்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வரிசை மாறலாம், பரவாயில்லை. முதல் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் படி: அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் காவலில் இருந்துதான் எழுதினார். ரோமாபுரியில் இருந்தபோது, ஏறக்குறைய கி.பி. 60-62இல் எழுதியது என்பது திருச்சபையின் நெடுநாளைய கருத்து. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியிருந்தார்கள். அவரோ வந்த இடத்தில் சாகும் தருவாய் வரை வியாதிப்பட்டார். அந்த உதவிக்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் மனரம்மியம் பற்றிய வரிகள் வருகின்றன. பணம் வந்து சேர்ந்த வேளையில் எழுதிய வரிகள் அவை. “உங்கள் பணம் வராவிட்டாலும் எனக்குச் சமாதானம் இருந்திருக்கும், வந்ததற்காகச் சந்தோஷப்படுகிறேன்” என்கிற தொனி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எவ்வளவு விடுதலை வேண்டும்!

மூலமொழியான கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஆட்டார்க்கேஸ்’ என்ற சொல். அன்றைய கிரேக்கத் தத்துவ ஞானிகளில் ஒரு பிரிவினரான ஸ்தோயிக்கருக்கு மிகவும் பிடித்த சொல் அது. வெளியே எதையும் சாராமல், தனக்குத் தானே போதுமானவனாய், எதற்கும் அசையாமல் நிற்பதையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்து அதன் அடிப்படையை மாற்றிவிடுகிறார். இரண்டு வசனம் தள்ளி, “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்கிறார். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் நாம் எழுதி வைக்கும் வசனம் இது. எழுதி வைப்பதில் தவறில்லை. ஆனால் அது நின்ற இடத்தில் அதன் பொருள் வேறு. பட்டினியாய் இருக்கவும் பெலன் உண்டு, வயிறு நிறைந்து இருக்கவும் பெலன் உண்டு என்பதே அங்கே பேச்சு.

ஆகவே மனதை மரத்துப்போகச் செய்வதைப் பற்றி இந்த வழிகாட்டி பேசவில்லை. ஒருவர்மேல் சாய்ந்துகொள்ளப் பழகுவதைப் பற்றிப் பேசுகிறது. இது தெளிவானால்தான் அடுத்தவை எல்லாம் பொருள்படும்.

இன்று செய்ய வேண்டியது: பிலிப்பியர் நிருபத்தை, நாலு அதிகாரங்களையும், ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: குறையைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

விசுவாசிகளாகிய நமக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டால் ‘கர்த்தருடைய கிருபையால் நல்லா இருக்கோம்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். உள்ளே இருக்கும் குறை அப்படியே உறைந்துபோகும். சங்கீதம் 73ஐ எழுதிய ஆசாப் அந்தக் கூச்சத்தை வைத்துக்கொள்ளவில்லை. வீம்புக்காரரின் வாழ்வைக் கண்டு பொறாமை கொண்டேன் என்று, ஆலயத்தில் பாடப்படும் பாட்டிலேயே எழுதி வைத்தார். தன் கால்கள் சறுக்கப் பார்த்தன என்றும் சொன்னார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் அவருக்குத் தெளிவு வருகிறது. அங்கே அவர் தன் பொறாமையையும் சுமந்துகொண்டே போனார்.

ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எனக்கு என்ன இல்லை என்று வருந்துகிறேன்? அந்த வருத்தம் எப்போது, யாரைப் பார்த்தபோது எழுந்தது? அது கடைசிவரை கிடைக்காமலே போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்?

மூன்றாவது கேள்வியில்தான் உண்மை வெளியே வரும். நான் ‘சொந்த வீடு’ என்று எழுதியவன். பயம் எது என்று தோண்டிப் பார்த்தபோது, ‘எங்கள் அப்பாவால் முடியாதது என்னாலும் முடியவில்லை என்று உறவில் பேசுவார்கள்’ என்று எழுதினேன். செங்கல்லும் சிமெண்டும் என் குறையே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தது மதிப்பு. அதை எந்த வீடும் கொடுக்காது என்று தெரிந்ததும் ஜெபமே மாறிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கர்த்தரிடம் முறையிடுவது வேறு, கர்த்தரைப் பற்றி முறுமுறுப்பது வேறு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களின் வாசலில் நின்று அழுதபோது ஒரு பட்டியல் போட்டார்கள்: “நாம் எகிப்திலே கிரயமில்லாமல் சாப்பிட்ட மச்சங்களையும், வெள்ளரிக்காய்களையும், கொம்மட்டிக்காய்களையும், கீரைகளையும், வெண்காயங்களையும், வெள்ளைப்பூண்டுகளையும் நினைக்கிறோம்” (எண்ணாகமம் 11:5). கிரயமில்லாமல்! செங்கல் சூளையும், ஆளோட்டிகளின் அடியும், ஆற்றில் போடப்பட்ட ஆண்பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. நோட்டில் எழுதும்போது, இழந்த காலத்தை மட்டும் எழுதாமல், அந்தக் காலத்துக்கு நீங்கள் கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: “இவன் காரியம் என்ன?” என்ற கேள்வியை விடுங்கள்

திபேரியா கடற்கரையில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவுக்கு அவன் எப்படி மரிப்பான் என்பதையே சொல்லி முடிக்கிறார். பேதுரு உடனே திரும்பி யோவானைப் பார்க்கிறான். “ஆண்டவரே, இவன் காரியம் என்ன” என்று கேட்கிறான். பதில், “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” (யோவான் 21:22). யோவானின் எதிர்காலம் பேதுருவுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

நடைமுறையில் மூன்று காரியம் எனக்கு உதவியது. இரவு ஜெபத்துக்குப் பிறகு போனைத் தொடுவதில்லை. சோர்ந்திருக்கும் நேரத்தில் பார்க்கும் படம் இரண்டு மடங்கு குத்தும். யாரைப் பார்த்து மனம் புழுங்குகிறதோ அவர் பெயரைச் சொல்லி, அவர் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்று நாற்பது நாள் ஜெபித்தேன். முதல் வாரம் வார்த்தை வாயில் வரவே மறுத்தது. மூன்றாவதாக, நேரில் போனேன். சித்தப்பா மகன் வீட்டுக்குப் போய், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, அவன் மனைவி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் மாடியைக் காட்டிச் சொன்னான்: “அண்ணே, இருபது வருஷத்துக்கு இஎம்ஐ. நினைச்சா தூக்கம் வர மாட்டேங்குது.” அவனுக்காக அன்று ஜெபித்துவிட்டு வந்தேன். படத்தில் அவன் தூக்கமின்மை தெரியவில்லை. என் கூரையின் ஈரமும் அவனுக்குத் தெரியாது.

நான்காம் படி: உங்கள் படி எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நிற்க விரும்புகிறேன். நம் வேதாகமத்தில் எனக்கு மிகவும் நெருக்கமான ஜெபம் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் செய்தது: “தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக… என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்.” ‘படி அளக்கிறவர்’ என்று கடவுளைச் சொல்லும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் தமிழில் இந்த ஜெபம் நெஞ்சுக்குள் நேராக இறங்குகிறது. ஆகூர் காரணத்தையும் சொல்கிறார். நிறைந்துபோனால் ‘கர்த்தர் யார்’ என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன் என்கிறார். தன் பலவீனத்தை அறிந்தவன் கேட்கும் அளவு அது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த ஆகாரமான மன்னாவிலும் இதே அளவுதான். தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. நாளைக்கென்று எடுத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கென்று எடுத்து வைத்ததோ கெடவில்லை. கர்த்தருடைய ஜெபத்தில் நாம் கேட்பதும் ‘இன்று’ வேண்டிய ஆகாரத்தைத்தான்.

எங்கள் ஆச்சி சோறு வடிக்கிற வேளை கண்ணுக்குள் நிற்கிறது. உழக்கால் அரிசியை அளந்து பானையில் போடுவார். களைவதற்கு முன், கையை உள்ளே விட்டு ஒரு பிடி அரிசியை அள்ளி, அடுப்புக்கு மேலே மாடக்குழியில் இருந்த தகர டப்பாவில் போடுவார். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பல வீடுகளில் இருந்த பழக்கம் இது. வீட்டில் ஆள் கூடிய நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை. “குறையாதா ஆச்சி?” என்று ஒருநாள் கேட்டேன். “அளந்தது அவரு. நான் எடுக்கிறது ஒரு பிடிதானே” என்றார். அளந்து போட்டதால்தான் அவரால் எடுக்க முடிந்தது என்று இப்போது புரிகிறது. தன் அளவு தெரியாதவர்களுக்கு எவ்வளவு வந்தாலும் அதிலிருந்து ஒரு பிடியை எடுக்கக் கை வராது.

ஆகவே உட்கார்ந்து அளந்து பாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து, ஒரு தாளில், உங்கள் வீட்டுக்கு மாதம் எவ்வளவு இருந்தால் போதும் என்று எழுதுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து, பெற்றோருக்கு அனுப்புவது, காணிக்கை, அவசரத்துக்கு ஒதுக்குவது எல்லாம் அதில் வரட்டும். எறும்பு கோடையில் சேர்ப்பதை நீதிமொழிகளே மெச்சுகிறது. சேமிப்பு அவிசுவாசம் ஆகாது. அடியில் அந்தத் தொகையை எழுதி, ‘இது போதும்’ என்று இருவரும் சொல்லிப் பாருங்கள். வருமானம் அதற்குக் கீழே இருந்தால் அது உங்கள் ஜெப விண்ணப்பம்; கூச்சமில்லாமல் கேளுங்கள், சபையில் நம்பிக்கையானவர்களிடமும் சொல்லுங்கள். மேலே இருந்தால் அந்த மீதி எதற்காக வந்தது என்று ஆண்டவரிடம் கேட்க வேண்டும். கல்யாணத்துக்கு நகை வாங்கும் நேரத்தில், ‘நாலு பேர் என்ன சொல்லுவார்கள்’ என்று கடன் வாங்கப் போகும் நேரத்தில், அந்தத் தாளை எடுத்து முன்னால் வையுங்கள்.

இந்தப் ‘போதும்’ வெறும் கணக்கில் நிற்பதில்லை. “உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்; நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை என்று அவர் சொல்லியிருக்கிறாரே” (எபிரெயர் 13:5). அந்த வாக்குத்தத்தத்தில் கிரேக்க மூலம் ஐந்து எதிர்மறைச் சொற்களை அடுக்குகிறது. விலகவே மாட்டேன், கைவிடவே மாட்டேன் என்று அழுத்தி அழுத்திச் சொல்லும் பேச்சு. இருக்கிறவைகளின் பட்டியலில் முதலில் வர வேண்டியவர் அவர். தாளின் மேல் வரியில் அவர் பெயரை எழுதிவிட்டு வாடகையை எழுதத் தொடங்குங்கள்.

ஐந்தாம் படி: ஸ்தோத்திரத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள்

ஆயிரம் ஸ்தோத்திரம் வாசிக்கும் பழக்கம் நல்லது. அதோடு, இன்றைக்கு நடந்ததில் மூன்றைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சகல நன்மைகளுக்காகவும்’ என்று சொல்வதைவிட, ‘பஸ்ஸில் இடம் கொடுத்த அந்தக் கல்லூரிப் பெண்ணுக்காக’ என்று சொல்லும்போது கண் திறக்கிறது. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

ஆறாம் படி: எதைப் பொறுக்கக் கூடாது என்று அறிந்துகொள்ளுங்கள்

மனரம்மியத்தைப் பற்றிய பிரசங்கங்கள் பல இடங்களில் பலரைக் காயப்படுத்தியிருக்கின்றன. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு ‘போதுமென்கிற மனதோடு’ இரு என்று ஒரு சகோதரியிடம் சொல்லப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். அது சுவிசேஷம் இல்லை.

பவுலையே பாருங்கள். இதே பிலிப்பி பட்டணத்தில்தான் அவரையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். நடுராத்திரியில் அவர்கள் துதித்துப் பாடியதை நாம் எல்லாரும் பிரசங்கிக்கிறோம். விடிந்த பிறகு நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதிகாரிகள் சத்தமில்லாமல் விடுதலை செய்யப் பார்த்தபோது பவுல் போக மறுத்தார். ரோமராகிய எங்களை நியாயம் விசாரியாமல் அடித்தார்கள், “அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்து விடட்டும்” என்றார் (அப்போஸ்தலர் 16:37). இரவில் பாடியவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒருவரே. அடிமையாயிருந்தவனுக்கு அவர் எழுதியதும் இதுதான்: விடுதலையாகக் கூடுமானால் அதைப் பயன்படுத்திக்கொள் (1 கொரிந்தியர் 7:21).

“உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்” என்ற வசனத்தைக் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் ஆசிரியைகளிடம் சொல்லுகிறவர்கள் உண்டு. யோவான்ஸ்நானன் அதை யாரிடம் சொன்னார்? கையில் ஆயுதமும் அதிகாரமும் வைத்துக்கொண்டு ஜனங்களிடம் பறித்துக்கொண்டிருந்த போர்ச்சேவகரிடம். மாமூல் வாங்காதே என்பதே அதன் நேர்ப்பொருள். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு வேதம் வைத்திருக்கும் வசனம் வேறு: பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4.

அன்னாளை நினையுங்கள். பிள்ளையில்லாத வேதனையில் சாப்பிடாமல் அழுதவளிடம், ‘பத்துக் குமாரரைவிட நான் உனக்கு அதிகம் இல்லையா’ என்று கணவன் கேட்டான். ஆசாரியன் அவளைக் குடிகாரி என்று நினைத்தான். கர்த்தர் அவள் அழுகையைக் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் சபையில் அப்படிக் காத்திருக்கும் தம்பதியரிடம் ‘திருப்தியாயிருங்கள்’ என்று சொல்லாதீர்கள். கூட உட்காருங்கள். அதுபோலவே, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் விருப்பமில்லை, சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், இந்த வழிகாட்டியை மூடி வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதில் விசுவாசக் குறைவு ஏதும் இல்லை.

ஏழாம் படி: நீங்காத குறையோடு வாழப் பழகுங்கள்

போராடியும் மாறாதவை உண்டு. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். வந்த பதில், “என் கிருபை உனக்குப்போதும்.” கிரேக்கத்தில் இந்தப் ‘போதும்’ என்ற சொல்லும், ‘மனரம்மியம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. பவுல் ‘எனக்குப் போதும்’ என்று எழுதுவதற்கு முன்பே, கர்த்தர் ‘உனக்குப் போதும்’ என்று சொல்லியிருந்தார்.

திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூருக்குப் போனவர்களுக்கு, அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் அறை தெரியும். 1867இல் அயர்லாந்தில் பிறந்தவர். பழுப்புக் கண்களோடு பிறந்த அவர், நீலக் கண் வேண்டும் என்று சிறுமியாய் இருந்தபோது ஜெபித்து, காலையில் கண்ணாடியில் பார்த்து ஏமாந்தவர். 1901இல் டோனாவூருக்கு வந்து, கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளுக்குத் தாயானார். 1931 அக்டோபரில், மருத்துவப் பணிக்கென்று களக்காட்டில் எடுத்த வீட்டைப் பார்க்கப் போனவர், குழியில் விழுந்து கால் முறிந்தது. அதற்குப்பின் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் அந்த அறைக்குள்ளேயேதான். ஓடி ஓடிப் பிள்ளைகளை மீட்டவர் ஏறக்குறைய இருபது ஆண்டு படுக்கையில். அங்கிருந்தே புத்தகங்களை எழுதினார், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சீட்டெழுதி அனுப்பினார். வலி நீங்கவேண்டும் என்று கேட்டதை அவர் மறைக்கவும் இல்லை. கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

உங்கள் முள் எது என்று இரண்டாம் படியில் எழுதியிருப்பீர்கள். அதன் பக்கத்தில், அந்த முள்ளோடேயே இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறிய காரியத்தை எழுதுங்கள். ஒரு கடிதம், ஒரு போன் அழைப்பு, ஒருவருக்காக ஜெபம். ஒன்று போதும்.

எட்டாம் படி: வாழ்ந்திருக்கும்போதும்

‘தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்’ என்பதோடு பவுல் நிறுத்தவில்லை. ‘வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்’ என்கிறார். சம்பளம் கூடும் மாதத்தில்தான் இதைப் பழக வேண்டும். என் எல்லையைப் பெரிதாக்கும் என்று யாபேசைப்போல் ஜெபிக்கிற நாம், எல்லை பெரிதானதும் என்ன செய்வோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருப்பதில்லை. இயேசு சொன்ன உவமையில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் குற்றம் விளைச்சல் இல்லை. யாரிடமும் கேட்காமல் தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசிக்கொண்டதுதான். வருமானம் கூடினால் முதலில் கூட வேண்டியது அந்த ‘ஒரு பிடி’. தொகையை இன்றே எழுதி வையுங்கள்.

மறுபடி வழுக்கும்போது

வழுக்கும். இன்னொரு படம், இன்னொரு கல்யாணம், பிள்ளையின் மார்க். மனம் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அப்போது சங்கீதம் 131ஐ எடுங்கள். மூன்றே வசனம். “தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்.”

பால் மறக்கடிப்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே நாளில் நடப்பதில்லை. அக்கா தன் மகனுக்கு மறக்கடித்தபோது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். வேப்பிலையை அரைத்துத் தடவினாள். முதல் இரவு முழுக்க அலறினான். தன்னை வெறுத்துவிட்டாள் என்றே நினைத்திருப்பான். இரண்டாம் இரவு விட்டு விட்டு அழுதான். அக்காவும் கூட அழுதாள். மூன்றாம் இரவோ நான்காம் இரவோ, தூக்கத்தில் எழுந்தவன் தவழ்ந்து வந்து அவள் மடியில் ஏறினான். எதையும் தேடவில்லை. அவள் சேலை முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு, கன்னத்தை அவள் வயிற்றில் வைத்து, அப்படியே தூங்கிப்போனான்.